ஊர்ப் புறம்போக்கில் அரசுக் கட்டடத்துக்கு இடம்: நில ஒதுக்கீடு என்றால் என்ன?

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், காவிரிப் படுகையின் ஊர்ச்சாலைகளில் ஒரு பாதியை நெல் பிடித்துக்கொள்ளும். நேரடி நெல் கொள்முதல் நிலையம் தற்காலிகக் கொட்டகையிலோ வாடகை இடத்திலோ நடக்கும். முறை வராத விவசாயி சாலையோரத்தில் அம்பாரம் குவித்து, தார்ப்பாய் போர்த்தி, ஈரப்பதம் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டிவிடுமோ என்ற கவலையோடு இரவெல்லாம் காவல் இருப்பார். நிலையத்துக்கு ஏன் சொந்தக் கட்டடம் இல்லை என்று கேட்டால், ஊரில் இடம் இல்லை என்று ஒரே பதில்தான் வரும். ஆனால் அதே ஊரின் பழைய கிராமக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், ‘களம்’ என்று எழுதப்பட்ட அரசு நிலம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதன் ஒரு மூலையில் வீடு, இன்னொரு மூலையில் வைக்கோற்போர், நடுவில் யாரோ கட்டிய மாட்டுக்கொட்டகை என்று அது கரைந்துபோயிருக்கும். அப்படிக் கரைவதற்கு முன்பே, இந்த இடம் இன்ன பொதுத் தேவைக்கு என்று முறைப்படி எழுதிப் பூட்டி வைப்பதைத்தான் அரசுக் கட்டடத்துக்கான நில ஒதுக்கீடு என்கிறோம்.

ஒதுக்கீட்டைப் புரிந்துகொள்ள முதலில் ‘புறம்போக்கு’ என்ற சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பேச்சுவழக்கில் அது வசைச்சொல்லாகவும், யாருக்கும் வேண்டாத நிலம் என்ற பொருளிலும் வழங்குகிறது. கணக்கில் அதற்கு அந்தப் பொருள் இல்லை. தீர்வைக் கணக்குக்குப் புறமாகப் போன நிலம், அதாவது ஊர் முழுவதற்கும் பயன்படுவதால் வரி விதிக்காமல் விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். இந்த ஏற்பாடு வெள்ளைக்காரர் காலத்தில் புதிதாக முளைத்ததும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள் ஒவ்வோர் ஊரின் மொத்தப் பரப்பைச் சொன்ன பிறகு, ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சிய நிலத்துக்கே இறை கணக்கிடுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் கழிக்கப்பட்ட அந்தப் பட்டியலும் இன்றைய புறம்போக்குப் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இப்போது ஒரு பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு வரி உண்டு. உதாரணத்துக்கு, புல எண் 112, உட்பிரிவு 3 என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியில் பழைய எண், அரசு நிலமா தனியார் நிலமா, நன்செயா புன்செயா, மண்வகை, தரம், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர், குறிப்பு என்று இடமிருந்து வலமாகக் கட்டங்கள் போகும். தனியார் நிலமாக இருந்தால் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கும். நம் 112/3இல் தரமும் தீர்வையும் கோடு போட்டு விடப்பட்டிருக்கும், பரப்பு 0.32.5 ஹெக்டேர், பட்டாதாரர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சர்க்கார் புறம்போக்கு’, குறிப்புக் கட்டத்தில் ‘களம்’ என்ற ஒரே சொல். 0.32.5 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 80 சென்ட், நம் பக்கத்து நில அளவான மாவில் (ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட்) இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. புதிதாகப் பதிவேடு பார்ப்பவர்கள் பரப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கடைசிக் கட்டத்தில் இருக்கும் அந்த ஒரு சொல்லை. அங்கே ‘களம்’ என்றிருப்பதற்கும் ‘வாய்க்கால்’ என்றிருப்பதற்கும் இடையில்தான் கட்டடம் எழும்புமா எழும்பாதா என்பதே இருக்கிறது.

அரசு நிலம் என்ற ஒரே பெயருக்குள் பல வகைகள் அடங்கியிருக்கின்றன. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று இரண்டு; இவை யாருக்கும் பட்டா ஆகாமல் அரசிடமே நிற்பவை, கட்டடத்துக்கு ஒதுக்குவதற்குச் சிக்கல் குறைந்தவை, ஆகையால் படுகையில் அரிதானவை. அடுத்து, மேய்ச்சல் நிலம், களம், மந்தைவெளி, வண்டிப்பேட்டை, தோப்பு, இடுகாடு சுடுகாடு போன்ற புறம்போக்குகள். இவற்றின் பயன்பாட்டை முறைப்படுத்தும் பொறுப்பை 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சியிடம் கொடுத்திருப்பதால், இவற்றில் கைவைக்க ஊராட்சியின் கருத்தும் தேவைப்படுகிறது. நத்தம் என்பது குடியிருப்புக்கென விடப்பட்ட நிலம். கடைசியாக, ஆறு, வாய்க்கால், வடிகால், ஏரி, குளம், குட்டை என்னும் நீர்நிலைப் புறம்போக்குகள். படுகை ஊர்களின் அரசு நிலத்தில் பெரும்பங்கு இந்தக் கடைசி வகைதான், அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஒதுக்கீடு, வகைமாற்றம், நில மாற்றம் என்ற மூன்று சொற்களைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்; செய்தித்தாள்களும் குழப்புகின்றன. ஓர் இடத்தை ஒதுக்கி வைப்பது என்றால், அது பிற்காலப் பொதுத் தேவைக்கு வேண்டும், ஆகவே எவருக்கும் ஒப்படை செய்யக் கூடாது என்று ஆணையிட்டு, தடையாணைப் புத்தகம் எனப்படும் பதிவேட்டில் ஏற்றுவது. நிலம் வருவாய்த் துறையிடமே இருக்கும், வகைப்பாடும் மாறாது; அதை வீட்டுமனைப் பட்டாவாகவோ வேறு விதமாகவோ கொடுத்துவிட முடியாதபடி ஒரு முட்டுக்கட்டை மட்டும் விழும். வகைமாற்றம் என்பது களம் என்றிருந்ததைப் பள்ளிக்கூடம் என்றோ, மேய்க்கால் என்றிருந்ததை ஆரம்ப சுகாதார நிலையம் என்றோ பதிவேட்டில் மாற்றி எழுதுவது. நில மாற்றம் என்பது அந்த இடத்தை வருவாய்த் துறையிலிருந்து கட்டடம் வேண்டும் துறையின் வசம் ஒப்படைப்பது. பெறுவது மாநில அரசின் துறையாக இருந்தால் பொதுவாக நில மதிப்பு வாங்குவதில்லை. மத்திய அரசுத் துறை, வாரியம், அரசு நிறுவனம் போன்றவையாக இருந்தால் சந்தை மதிப்பு செலுத்தச் சொல்வார்கள், அதற்கு நில உரிமை மாற்றம் என்று தனிப் பெயரும் உண்டு. ஆக, ஒதுக்கீடு என்பது முதற்படி. ஊரில் இடம் ஒதுக்கியாகிவிட்டது என்று யாராவது சொன்னால், மூன்றில் எந்தப் படியைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நடைமுறை எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். கட்டடம் வேண்டும் துறை, எவ்வளவு பரப்பு, எதற்கு, கட்ட நிதி உண்டா என்ற விவரங்களோடு வட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுதுகிறது. வட்டாட்சியர் அதைக் கிராம நிர்வாக அலுவலருக்கும் வருவாய் ஆய்வாளருக்கும் அனுப்ப, அவர்கள் இடத்தைப் பார்த்து அறிக்கை தருகிறார்கள்: நிலம் உண்மையில் காலியாக இருக்கிறதா, பாதை உண்டா, மரங்கள் எத்தனை, அவற்றின் மதிப்பு என்ன, மேலே மின்கம்பி போகிறதா, அருகில் நீர்நிலை உண்டா, வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று ஒரு நீண்ட பட்டியல். பிறகு நில அளவர் வருகிறார். முழுப் புலமும் தேவைப்படாவிட்டால், வேண்டிய பகுதியை மட்டும் அளந்து உட்பிரிவு செய்து, புலப்பட நூலில் வரைந்து, எல்லையில் கல் நடுகிறார். இதற்கிடையில் ‘அ1’ அறிவிப்பு என்ற ஒன்றை ஊரில் வெளியிட்டு, ஆட்சேபணை இருந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் தெரிவிக்கும்படி கேட்பார்கள். முன்பெல்லாம் இதற்குத் தமுக்கு அடிப்பதுண்டு; அந்த வழக்கத்தைக் கைவிடும்படி 2022இல் அரசு அறிவுறுத்திவிட்டது, இப்போது அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். ஊரில் யாரும் படிக்காத காகிதங்களில் அது முதலிடம் பெறும் என்பது என் கருத்து, ஏனென்றால் கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டிய பிறகு எழும் சண்டைகளில் பாதி, அந்தக் காகிதத்தைப் படித்திருந்தால் முன்பே பேசித் தீர்த்திருக்கக்கூடியவை.

ஆட்சேபணை ஏதும் இல்லை என்றால், ஊராட்சித் தீர்மானத்தையும் சேர்த்துக்கொண்டு கோப்பு வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியருக்கும், அங்கிருந்து ஆட்சியருக்கும் போகிறது. நிலத்தின் மதிப்பும் வகையும் ஆட்சியரின் அதிகார வரம்பைத் தாண்டினால் சென்னையில் நில நிருவாக ஆணையருக்கும், அதற்கும் மேல் அரசுக்கும் போகும். இவற்றையெல்லாம் வழிநடத்துபவை வருவாய் நிலை ஆணைகள் எனப்படும் பழைய ஆணைத் தொகுப்பும், அதன்மேல் அவ்வப்போது பிறப்பிக்கப்பட்ட அரசாணைகளும். கோப்பு முடியக் காலம் பிடிக்கும் என்றால், கட்டடத்துக்கு வந்த நிதி திரும்பிவிடாதபடி, நிலத்தில் முன்கூட்டியே நுழைந்து வேலை தொடங்க அனுமதி தருவதும் உண்டு. அந்த அனுமதியோடு கட்டிமுடித்துத் திறப்பு விழாவும் நடந்த பிறகு, நில மாற்ற ஆணையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். முப்பது ஆண்டு நடந்துவரும் பள்ளிக்கூடத்தின் இடம் இன்னும் ‘மந்தைவெளி’ என்றே கணக்கில் நிற்பதற்கு இதுவே வழக்கமான காரணம்.

படுகைக்கு உரிய சிக்கல் தண்ணீர். இங்கே மேடு என்பது அளவான பொருள். இருந்த மேட்டில் முன்னோர்கள் நத்தத்தை அமைத்தார்கள், அடுத்த மேட்டில் கோயிலையும் களத்தையும் வைத்தார்கள், ஆற்றங்கரையை ஒட்டிய திட்டில் சுடுகாட்டை வைத்தார்கள். மற்றதெல்லாம் வயலும் வாய்க்காலும்தான். ஆகையால் இன்று ஓர் அலுவலகத்துக்கு அரசு நிலம் தேடிப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது, தூர்ந்துபோய்ச் சமதளமாகத் தெரியும் குட்டையாகவோ, தண்ணீர் வராத வடிகாலாகவோ இருக்கும். சித்திரை வெயிலில் அப்படி ஓர் இடத்தை எனக்குக் காட்டினார்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், கட்டடத்துக்கு ஏற்ற இடமாகவே தெரிந்தது. அதே இடத்துக்கு ஐப்பசியில் அடைமழைக்குப் பிறகு போனபோது முழங்காலளவு தண்ணீர் நின்றது. சுற்றியிருந்த நாற்பது மா நடவு வயலின் வடிகால் தண்ணீர் அங்கேதான் வந்து சேர்கிறது என்று வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர் கையை நீட்டிக் காட்டினார். அந்த இடத்தை மண் கொட்டி உயர்த்தினால் கட்டடம் நனையாமல் நிற்கும், நாற்பது மா பயிர் அழுகும். படுகையில் இடம் பார்க்க வேண்டியவர்கள் ஐப்பசி கார்த்திகையில்தான் பார்க்க வேண்டும் என்பதை நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. குளம் குட்டைகள் பொதுச் சொத்து, அவற்றை மனைகளாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் 2005இல் எல். கிருஷ்ணன் வழக்கில் தமிழகத்து நீர்நிலைகளை அடையாளம் கண்டு மீட்கும்படி பணித்தது. 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் அவற்றின் ஆக்கிரமிப்பை அகற்றவும் மாநிலத்தில் தனிச்சட்டம் வந்தது. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தவர்களுக்கே முறைப்படுத்திக் கொடுக்கும் வழக்கத்தைக் கண்டித்து, விதிவிலக்கான நிலைகளில் மட்டுமே அது பொருந்தும் என்றது. ஏற்கெனவே பள்ளிக்கூடமோ மருந்தகமோ வேறு பொதுப் பயன்பாடோ இருக்கும் இடத்தை அந்த விதிவிலக்குக்கு எடுத்துக்காட்டாகவும் குறிப்பிட்டது. இதை, புதிதாக ஒரு குளத்தில் அரசுக் கட்டடம் கட்டலாம் என்று வளைத்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே நிற்கும் பொதுக் கட்டடத்தை இடிக்காமல் விடுவது வேறு, புதிதாகத் தூர்த்துக் கட்டுவது வேறு. கட்டுவது அரசு என்பதற்காக நீர்நிலை வேறு பெயர் பெற்றுவிடாது.

மேய்ச்சல் நிலத்தை எடுத்தால் அதற்கு ஈடான மாற்று நிலத்தைக் காட்டும்படி கேட்பது வழக்கம். படுகையில் அந்த மாற்று நிலம் எங்கே கிடைக்கும் என்பது இன்னொரு தலைவலி.

தஞ்சாவூரில் பெரிய அரசு வளாகங்கள் எங்கே அமைந்தன என்று வரைபடத்தில் பார்த்தால் இந்த நீர்க்கணக்கு தெளிவாகப் புலப்படும். நகரின் தெற்கிலும் மேற்கிலும் வல்லத்தை நோக்கி ஏறும் செம்மண் மேட்டுநிலம் இருக்கிறது. பழைய படுகையின் வண்டல் அங்கே முடிந்துவிடுகிறது, 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் வரும்வரை அது வானம் பார்த்த பூமியாகவே இருந்தது. 1981இல் தொடங்கப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் ஒரே தொகுப்பாகக் கிடைத்தது அந்த மேட்டில்தான். நாகப்பட்டினத்துக்கோ திருவாரூருக்கோ அப்படிப்பட்ட மேட்டுநிலம் கிடையாது. 1991இல் நாகப்பட்டினமும், 1997இல் திருவாரூரும், 2020 டிசம்பரில் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களானபோது, ஆட்சியர் அலுவலகம், காவல் அலுவலகம், நீதிமன்றம், குடியிருப்பு என்று ஒரே நாளில் பல துறைகளுக்கு இடம் தேவைப்பட்டது, சுற்றிலும் வயல்.

இங்கேதான் கோயில் நிலம் பற்றிய பெரிய தவறான எண்ணம் குறுக்கே வருகிறது. படுகையில் கோயில்களுக்கும் ஆதீனங்களுக்கும் வேலிக் கணக்கில் (ஒரு வேலி இருபது மா) நிலம் இருப்பது ஊரறிந்த செய்தி. அறநிலையத் துறை அரசுத் துறைதானே, ஆகவே கோயில் நிலமும் அரசு நிலந்தானே என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அல்ல. கோயில் நிலத்தின் உடைமையாளர் அந்தக் கோயிலின் இறைவன். துறை அதை மேற்பார்வை செய்வதோடு சரி. விற்பனையோ, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகையோ வேண்டுமானால், 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, அது கோயிலுக்குத் தேவையானது அல்லது நன்மையானது என்று காட்டி ஆணையரின் ஒப்புதல் பெற வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வீரசோழபுரம் அர்த்தநாரீசுவரர் கோயில் நிலத்தைத் தேர்ந்தெடுத்தபோது, அது சென்னை உயர் நீதிமன்றம்வரை வழக்காகப் போனது. மயிலாடுதுறையில் மன்னம்பந்தலில் எழுந்து 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ தருமபுரம் ஆதீனம் நிலம் அளித்தது. அரசு கோயில் நிலத்தை ‘ஒதுக்க’ முடியாது. வாங்கலாம், வாடகைக்குப் பெறலாம், கொடையாகப் பெறலாம்.

அரசு நிலம் அறவே இல்லை என்றால், தனியார் நிலத்தைக் கையகப்படுத்த 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதன் 10ஆம் பிரிவு, பாசன வசதியுள்ள இருபோக முப்போக நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்கிறது. படுகையில் அந்த வரம்புக்குள் வராத வயலைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல. கொடையாகக் கிடைப்பதும் உண்டு. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நிலம் கொடுத்த மிராசுதார்கள் படுகையில் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் கொடுத்தவர்களில் பலர் வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள், பத்திரம் எழுதவில்லை. இன்று பட்டா அவர் பெயரிலேயே நிற்கும், பேரன் வந்து கேட்பான், தலைமையாசிரியர் என்ன செய்வார்? கொடை நிலத்தைத் தானப் பத்திரமாகத் தமிழ்நாடு ஆளுநர் பெயருக்குப் பதிவு செய்து, பட்டாவையும் மாற்றிய பிறகுதான் அடிக்கல் நட வேண்டும்.

நகரங்களில் கதை சற்று வேறு. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டத்திலும் விரிவு வளர்ச்சித் திட்டத்திலும் தனியார் நிலத்தைக்கூடப் பொது உபயோகத்துக்கென்று வண்ணம் பூசி ஒதுக்கலாம். ஆனால் மூன்றாண்டுக்குள் கையகப்படுத்தாவிட்டால் அந்த ஒதுக்கீடு விடுபட்டதாகவே கருதப்படும் என்று அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு சொல்கிறது.

ஒதுக்கிய பிறகும் நிலம் தானாகத் தன்னைக் காத்துக்கொள்வதில்லை. துறைக்குக் கொடுக்கும் ஆணையில், இன்ன காலத்துக்குள் கட்டவேண்டும், சொன்ன நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும், தவறினால் வருவாய்த் துறை திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற நிபந்தனைகள் இருக்கும். கட்ட நிதி வராமல் பத்தாண்டு கிடந்தால், முதலில் ஒரு கீற்றுக்கொட்டகை, அடுத்து ஓட்டுவீடு, பிறகு மின் இணைப்பு என்று வரிசையாக நடக்கும். ஆக்கிரமிப்பைக் கிராம நிர்வாக அலுவலர் ‘பி மெமோ’வில் பதிந்து மேலே அனுப்ப வேண்டும், 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7ஆம் பிரிவின்படி அறிவிப்பு கொடுத்து, விளக்கம் கேட்டு, 6ஆம் பிரிவின்படி வெளியேற்ற வேண்டும். அங்கே குடிசை போட்டிருப்பவர் பெரும்பாலும் மனையே இல்லாத கூலித் தொழிலாளியாகத்தான் இருப்பார். அவருக்கு வேறு இடத்தில் மனைப்பட்டா கொடுக்காமல் இயந்திரத்தை அனுப்புவதை என்னால் ஏற்க முடிவதில்லை; அதே சமயம், அவரைக் காட்டியே பக்கத்தில் கல்வீடு கட்டி வாடகைக்கு விட்டவரும் தப்பித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஊரில் இப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இன்று தாலுகா அலுவலகம் அலைய வேண்டியதில்லை. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் தெரிந்தால், அரசின் இணையவழி நிலச் சேவைப் பக்கத்தில் ‘அ’ பதிவேட்டு விவரத்தையும், அது புறம்போக்கா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். தடையாணைப் புத்தகம் மட்டும் அலுவலகத்தில் இருக்கும். ஜமாபந்தி எனப்படும் ஆண்டு வருவாய்த் தீர்வாயத்தின்போது கிராமக் கணக்குகள் அனைத்தும் தணிக்கைக்கு வருவதால், அதைக் கேட்க அதுவே ஏற்ற சமயம். வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு சூன் 30இல் முடிவதால், ஜமாபந்தி பெரும்பாலும் மே, சூன் மாதங்களில் நடக்கும்.

அங்கே கொடுக்கும் மனுவில், எங்கள் ஊருக்குக் கொள்முதல் நிலையம் வேண்டும் என்று மட்டும் எழுதினால், இடம் கண்டறிந்து பரிசீலிக்கப்படும் என்ற ஒரு வரிப் பதில் வரும். 112/3, களம், 0.32.5 ஹெக்டேர், இதில் வடகிழக்கே 20 சென்ட் காலியாக உள்ளது, தார்ச்சாலையை ஒட்டியது, ஐப்பசியில் தண்ணீர் நிற்பதில்லை, ஊராட்சித் தீர்மான நகல் இணைப்பு, இதைக் கொள்முதல் நிலையத்துக்கு ஒதுக்கித் தடையாணைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டுகிறோம் என்று எழுதினால், அந்த மனு வட்டாட்சியர் மேசையிலிருந்து வருவாய் ஆய்வாளரின் கைக்கும், அவர் கையிலிருந்து நில அளவரின் அட்டவணைக்கும் போகும். மனு எண்ணுள்ள ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.